ஆங்கிலக் கொச்சைச் சொற்களும் மரபுத்தொடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே அவர்களின் வாய்மொழியை இயன்றவரை அப்படியே வைத்துக்கொண்டு பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னவற்றை ஆதாரமாகக் கொண்டவை.

ஸ்லாங், இடியம் இரண்டும் ஒன்றுதானே? பிறகு எதற்கு இரண்டு பெயர்கள்?

ஒன்றல்ல. இடியம் என்பது மரபுத்தொடர். அதன் சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பொருள் கூட்டினால் கிடைக்காத ஒன்றை அது மொத்தமாகச் சொல்லும். 'காலை வாரிவிட்டான்' என்றால் யாரும் குனிந்து காலைப் பார்ப்பதில்லை அல்லவா, அதுதான் மரபுத்தொடர். ஸ்லாங் என்பது ஒரு சொல்லின் அமைப்பைப் பற்றியதல்ல, அது புழங்கும் இடத்தைப் பற்றியது. நண்பர்கள் நடுவிலும் தெருவிலும் படை முகாமிலும் இயல்பாக ஒலித்து, நீதிமன்றத் தீர்ப்பிலோ விண்ணப்பக் கடிதத்திலோ உறுத்துகிற சொல் ஸ்லாங். ஒரே தொடர் இரண்டாகவும் இருக்கலாம்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றைச் சொல்வார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றதும் குழூஉக்குறி. ஆங்கில ஸ்லாங்கின் பெரும்பகுதி பிறந்தது இந்தக் குழூஉக்குறித் தொட்டிலில்தான். திருடர்கள், மாலுமிகள், சிப்பாய்கள், இசைக்கலைஞர்கள் தமக்குள் பேசிக்கொண்டது வெளியே கசிந்து ஊர்ச்சொத்தாகிவிட்டது.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்துவிட்டேன். ஆனாலும் தொடர் புரியவில்லையே?

தொடரில் உள்ள முக்கியமான பெயர்ச்சொல்லின் கீழே தேடுங்கள். நல்ல அகராதிகள் மரபுத்தொடர்களை அங்கேதான் அடுக்கியிருக்கும். பிறகு தமிழில் அதே வேலையைச் செய்யும் தொடர் ஒன்றை மனத்தில் பொருத்திப் பாருங்கள். 'ஸ்பில் த பீன்ஸ்', 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' இரண்டுக்கும் 'குட்டை உடைத்தான்' நன்றாகவே பொருந்தும்.

எல்லாம் இப்படி வாகாக அமைவதில்லை. 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்குத் 'தண்ணீர் பட்ட பாடு' என்று பலர் எழுதுகிறார்கள். தமிழ்த் தொடர் ஒருவரின் பழக்கத்தைச் சொல்கிறது, ஆங்கிலத் தொடர் வேலையின் எளிமையைச் சொல்கிறது. முதல்முறை செய்கிறவரும் ஒரு வேலையைப் 'பீஸ் ஆஃப் கேக்' என்று சொல்லலாம்.

ஓகே என்பதன் விரிவாக்கம் என்ன? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

விரிவாக்கம் 'ஆல் கரெக்ட்'தான், ஆனால் வேண்டுமென்றே பிழையாக எழுதப்பட்டது. முதல் சொல் 'ஏ' எழுத்திலும் இரண்டாவது 'சி' எழுத்திலும் தொடங்க வேண்டும், அவற்றை 'ஓ', 'கே' என்று தொடங்கி எழுதினார்கள். 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பித்துப் பிடித்திருந்தது. தொடர்களைப் படிப்பறியாதவர்போலத் தப்பும் தவறுமாக எழுதி, அதையும் சுருக்கி முதலெழுத்துகளாக அச்சிடுவார்கள். 'ஆல் ரைட்' என்பதை 'ஓ.டபிள்யூ.' என்று எழுதியதும் அந்தக் கூட்டம்தான். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் 'ஓ.கே.' விளக்கத்தோடு அச்சேறியது.

அந்த நகைச்சுவையில் பிறந்த மற்ற சுருக்கங்கள் மறைந்துபோக, இது மட்டும் தப்பியதற்குக் காரணம் ஒரு தேர்தல். 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற செல்லப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே என்று அமைந்துவிட்டதால் ஆதரவாளர்கள் அதையே முழக்கமாக்கினார்கள். அவர் தோற்றார், முழக்கம் வென்றது. இதையெல்லாம் பழைய இதழ்களைத் தோண்டி நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர். 1960களில் அவர் கட்டுரைகள் வந்த பிறகும், இது சாக்டா பழங்குடி மொழிச்சொல் என்பது போன்ற விளக்கங்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

கய், டூட் இரண்டும் 'ஆள்' என்பதுதானே? ஏதாவது வேறுபாடு உண்டா?

இன்றைய பொருளில் பெரிய வேறுபாடில்லை. 'கய்' சற்றுப் பொதுவானது, 'டூட்' கூப்பிடும் சொல்லாகவும் வரும். பிறப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

'கய்' ஒரு மனிதரின் பெயர். 1605 நவம்பர் 5 அன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கச் சதி செய்து பிடிபட்ட கய் ஃபாக்ஸ். ஆண்டுதோறும் அந்த நாளில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள், கந்தல் உடுத்திய அந்தப் பொம்மைக்குக் 'கய்' என்று பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோமாளித்தனமாக உடுத்தியவர்களை அப்படி அழைத்தார்கள். அமெரிக்காவில் கேலி உதிர்ந்து வெறும் 'ஆள்' ஆகிவிட்டது. இன்று பெண்கள் கூட்டத்தைப் பார்த்தும் 'கய்ஸ்' என்கிறார்கள். கொடும்பாவிக்கு இதைவிட நல்ல மறுவாழ்வு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 'டூட்' 1883இல் நியூயார்க்கில் திடீரென்று பரவியது. அளவுக்கு மீறி அலங்கரித்துக்கொண்டு, ஆங்கிலேயப் பிரபுவைப்போல நடந்த நகரத்து இளைஞனைக் கிண்டல் செய்த சொல் அது.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்': கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்ததாமே?

இல்லை. அந்தக் கதை 1999இல் மின்னஞ்சலில் உலகைச் சுற்றிய ஒரு கட்டுக்கதைத் தொகுப்பிலிருந்து வருவது. 1500களில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று சொல்லி, பத்துப் பன்னிரண்டு தொடர்களுக்குச் சுவையான பொய் விளக்கங்களை அடுக்கியிருந்தது. நாய் எப்படிக் கூரைமேல் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை.

அச்சில் கிடைப்பது இவ்வளவு. 1653இல் வெளியான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் நாய்களும் மரநாய்களும் மழையாகப் பொழியும் என்றொரு வரி இருக்கிறது. இன்றைய வடிவில் பூனையும் நாயுமாக 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதினார். அவரே 1710இல் நகரத்து மழையைப் பாடிய கவிதையில் செத்த பூனைகளும் மூழ்கிய நாய்க்குட்டிகளும் வெள்ளத்தில் மிதந்து வருகின்றன. தொடருக்கு இதுவே மூலம் என்று சொல்லிவிட முடியாது, புரோம் அதற்கு முந்தியவர். பெருமழையைப் பொருந்தாத பொருள்களால் சொல்வது பல மொழிகளுக்கும் பொது. வேல்ஸ் மொழியில் கிழவிகளும் தடிகளும் பொழிகின்றன, கிரேக்கத்தில் நாற்காலிக் கால்கள், செக் மொழியில் தள்ளுவண்டிகள். அவற்றுக்கெல்லாம் யாரும் கூரைக்கதை சொல்வதில்லை. இன்னொன்று, பாடப்புத்தகத்துக்கு வெளியே இந்தத் தொடரை ஆங்கிலேயர்கள் இப்போது அதிகம் பயன்படுத்துவதில்லை.

'கிக் த பக்கெட்' என்றால் ஏன் சாவு? வாளியை உதைத்தால் செத்துவிடுவோமா?

வாளி என்பதுதான் சிக்கல். இந்தத் தொடர் 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதியில் இருக்கிறது. பழைய ஆங்கில வட்டார வழக்கில் 'பக்கெட்' என்பதற்கு உத்தரம், குறுக்குக்கட்டை என்றும் ஒரு பொருள் உண்டு. ஷேக்ஸ்பியரும் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். வெட்டுவதற்காகப் பன்றியைக் கால்கட்டித் தொங்கவிட்டால், உயிர் போகும்போது அது கட்டையை உதைக்கும். அறிஞர்களில் பலர் சாய்வது இந்த விளக்கத்தின் பக்கம். தூக்குப் போட்டுக்கொள்பவர் ஏறி நின்ற வாளியை உதைத்துத் தள்ளினார் என்ற கதை பரவலானது, ஆனால் சான்று மெலிந்தது.

'பக்கெட் லிஸ்ட்' இதன் பேரப்பிள்ளை. சாவதற்குள் செய்து முடிக்க வேண்டியவற்றின் பட்டியல் என்ற பொருளில் அது உலகெங்கும் பரவியது 2007இல் அதே பெயரில் வந்த ஹாலிவுட் படத்தால். எச்சரிக்கை ஒன்று: 'கிக் த பக்கெட்' தமிழில் 'மண்டையைப் போட்டான்' என்பதற்குச் சமம். மங்கலமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பாஸ்ட் அவே' என்பதே தகும். இரங்கல் கடிதத்தில் வாளியை உதைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேடை ஏறப்போகிறவரிடம் 'பிரேக் எ லெக்' என்கிறார்களே, அது சாபம் இல்லையா?

வாழ்த்துதான். வாயால் நல்லது சொன்னால் கண்ணேறு பட்டு நடக்காமல் போய்விடும் என்ற அச்சத்தில், தீயதைச் சொல்லி விதியை ஏமாற்றும் தந்திரம். ஜெர்மானியர்கள் 'கழுத்தும் காலும் முறியட்டும்' என்று வாழ்த்துவார்கள், ஆங்கிலத்துக்கு வந்த வழியும் அதுவாக இருக்கலாம் என்பது செல்வாக்குள்ள கருத்து.

லிங்கனைச் சுட்ட நடிகர் ஜான் வில்க்ஸ் பூத், மேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டதிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். அது நடந்தது 1865இல். வாழ்த்தோ 1920களில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் நடிகர்கள் வாய்மூடி இருந்திருக்க மாட்டார்கள்.

'பைட் த புல்லட்' 1857 சிப்பாய்க் கலகத்திலிருந்து வந்தது என்று படித்தேன். சரியா?

சரியல்ல, மேலே லிங்கன் கதையைச் சோதித்த அதே வழியில் இதையும் சோதிக்கலாம். குரோஸ் அகராதியின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, கசையடி வாங்கும் சிப்பாய் கத்தாமல் இருப்பதற்காகக் குண்டைக் கடித்துக்கொள்வது குறிப்பிடப்படுகிறது. 1857க்கு அறுபது ஆண்டு முன்பு. மேலும் அந்தக் கலகத்தில் பிரச்சினையானது கொழுப்புத் தடவிய தோட்டாவின் காகித உறை. சிப்பாய்கள் பல்லால் கிழிக்க வேண்டியிருந்தது உறையை, குண்டை அல்ல.

இன்றைய பொருளில், அதாவது வலிக்கும் என்று தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்கொள்வது என்ற பொருளில், 1891இல் ருட்யார்ட் கிப்ளிங்கின் நாவலில் வருகிறது. மயக்கமருந்து இல்லாத காலத்து அறுவைச் சிகிச்சையில் நோயாளியின் வாயில் குண்டு வைத்தார்கள் என்பதும் பிரபலமான விளக்கம். மல்லாந்து கிடக்கிறவர் வாயில் வழுக்கும் ஈய உருண்டையை வைக்க எந்த மருத்துவர் துணிவார்? தோல் வாரோ மரத்துண்டோ போதுமே.

கப்பலிலிருந்து வந்த தொடர்கள்தான் ஆங்கிலத்தில் அதிகமாமே?

நிறைய உண்டு. 'பை அண்ட் லார்ஜ்' இன்று 'மொத்தத்தில்' என்று பொருள்படும். காற்றை நெருங்கி எதிர்கொண்டு பாய் விரிப்பது 'பை', காற்று பின்னிருந்து தள்ள ஓடுவது 'லார்ஜ்'. இரண்டு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பல் எந்த நிலையிலும் நல்ல கப்பல், அதிலிருந்து 'பொதுவாக' என்ற பொருள் கிளைத்தது. 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் தள்ளாடும் குடிபோதை. இங்கே 'ஷீட்' என்பது பாய் அல்ல, பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. மூன்று கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும்.

ஆனால் கடலோடி கதைகளுக்குத் தனிக் கவர்ச்சி இருப்பதால் சம்பந்தமில்லாதவற்றையும் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். வயிறார உண்பதைச் சொல்லும் 'ஸ்கொயர் மீல்' கப்பலில் சதுரத் தட்டில் பரிமாறியதால் வந்தது என்பது அப்படி ஒன்று. உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் தோன்றியது. 'ஸ்கொயர்' என்பதற்கு நேர்மையான, முறையான என்ற பொருள் அதற்கும் முன்பே உண்டு. சொல்லாய்வாளர்கள் இந்த மோகத்தைக் கிண்டல் செய்ய 'எல்லாவற்றுக்கும் கப்பலே மூலம் என்று காட்டும் குழு' என்று ஒரு கற்பனைக் குழுவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கனூ', அதாவது தோணி.

பகட்டானதைக் குறிக்கும் பாஷ் என்பது 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் சுருக்கம்தானே? என் ஆசிரியரே சொன்னார்.

உங்கள் ஆசிரியர் மட்டுமல்ல, பலரும் சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்பக்க அறையும், திரும்பும்போது வலப்பக்க அறையும் வெயில் படாதவை. பணக்காரர்கள் அவற்றையே கேட்டு வாங்க, பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் அவர்கள் டிக்கெட்டில் அந்த நான்கு எழுத்தை முத்திரையிட்டது என்பது கதை. அப்படி முத்திரையிட்ட ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. கதை அச்சில் வருவது 1930களில். 'பாஷ்' என்பதற்குப் பகட்டாக உடுத்துபவன் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அகராதியில் ஏறிவிட்டது. ஐரோப்பிய நாடோடிகளின் மொழியான ரோமானியில் 'பாஷ்' என்றால் பாதி. அரைப் பென்னி நாணயத்துக்கும், பிறகு பணத்துக்கும் திருடர் வழக்கில் அதுவே பெயராயிற்று. பணத்திலிருந்து பணக்காரத்தனத்துக்கு ஓர் எட்டுத்தான்.

முதலெழுத்துச் சுருக்கத்திலிருந்து பிறந்த பழஞ்சொல் என்று யார் எதைச் சொன்னாலும் முதலில் சந்தேகப்படுங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் இரண்டு உலகப் போர்களின் காலத்தில்தான் பெருகியது. அதைக் குறிக்கும் 'அக்ரொனிம்' என்ற சொல்லே 1940களில்தான் வழக்குக்கு வந்தது. ரேடார், லேசர் போன்றவை உண்மையான சுருக்கங்கள், பிறந்த காலமும் பொருந்துகிறது. அப்படியானால் ஓகே மட்டும் எப்படி 1839இல் என்று கேட்கலாம். அதை ஒரே சொல்லாக அல்ல, தனித்தனி எழுத்தாகவே உச்சரித்தார்கள். விரிவாக்கமும் அன்றைய இதழிலேயே அச்சாகியிருக்கிறது. பாஷுக்கு அந்தச் சான்று இல்லை.

'ரெட் ஹெரிங்' என்றால் திசைதிருப்பும் செய்தி. அதில் மீன் எங்கிருந்து வந்தது?

உப்பிட்டுப் புகைபோட்ட ஹெரிங் மீன் செம்பழுப்பாகி, தொலைவிலேயே மூக்கைத் துளைக்கும். வேட்டைநாய்களை மோப்பம் தவறச் செய்ய இந்த மீனைத் தரையில் இழுத்துச் சென்றார்கள் என்பது வழக்கமான விளக்கம். அப்படியொரு வழக்கம் நிலவியதற்குச் சான்றில்லை. மோப்பத்தடம் உண்டாக்கி நாய்களையும் குதிரைகளையும் பழக்குவதற்கு அந்த மீனைப் பயன்படுத்தியது உண்டு, அதன் நோக்கம் நேரெதிர்.

இந்தப் பொருளைத் தந்தவர் வில்லியம் காபெட் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர். நெப்போலியன் தோற்றுவிட்டதாக வந்த பொய்ச்செய்தியை நம்பி, இங்கிலாந்து இதழ்கள் உள்நாட்டு விவகாரங்களைக் கைவிட்டன. 1807இல் அதைச் சாடிய காபெட், சிறுவயதில் தாம் மீனை இழுத்து முயல்வேட்டை நாய்களை ஏமாற்றியதாக ஒரு கதை எழுதினார். அரசியல் செய்தி ஏமாற்று மீனாகிவிட்டது என்பது அவர் கிண்டல். கதை பரவி, தொடர் நிலைத்தது. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திசைதிருப்புவதைக் குறிக்கும் தொடரே இரண்டு நூற்றாண்டுகளாக அகராதிக்காரர்களை வேட்டைக்களத்தின் பக்கம் திசைதிருப்பியிருக்கிறது.

எல்லாக் கதையையும் பொய் என்கிறீர்கள். உண்மையான கதை ஒன்றுகூட இல்லையா?

உண்டு. கய் ஃபாக்ஸ் மேலேயே வந்துவிட்டார். அதைவிடத் துல்லியமானது 'பாய்காட்'. 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்க மறுத்து, விவசாயிகளை வெளியேற்ற முனைந்தார். குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய நிலச் சங்கத்தின் வழிகாட்டுதலில் ஊர் அவரை ஒதுக்கியது. வேலையாட்கள் வரவில்லை, கடைக்காரர் சரக்குக் கொடுக்கவில்லை. அறுவடைக்கு வேறு மாவட்டங்களிலிருந்து ஐம்பது தன்னார்வலர்களைப் படைக்காவலோடு கூட்டிவர வேண்டியிருந்தது. விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பெயர் வினைச்சொல்லாகிப் பிற நாட்டு இதழ்களுக்கும் போய்விட்டது.

'மேவரிக்' என்ற சொல்லும் அப்படித்தான். டெக்சாஸைச் சேர்ந்த சாமுவேல் மேவரிக் தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடவில்லை. குறியில்லாத மாடு 'மேவரிக்' ஆகி, எந்த அணியிலும் சேராத மனிதரும் 'மேவரிக்' ஆனார். இந்தக் கதைகளை நம்புவதற்குக் காரணம் எளிது. ஆள் உண்டு, ஊர் உண்டு, ஆண்டு உண்டு, சொல் அதே காலத்தில் அச்சில் வருகிறது.

'ரூல் ஆஃப் தம்ப்': மனைவியைக் கட்டைவிரல் பருமனுள்ள குச்சியால் அடிக்கலாம் என்ற சட்டத்திலிருந்து வந்ததால் அதைச் சொல்லக்கூடாதாமே?

அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இருந்ததில்லை. 1782இல் ஃபிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அந்தக் கருத்தைச் சொன்னதாக வதந்தி பரவி, ஜேம்ஸ் கில்ரே அவரைக் குச்சிக் கட்டோடு கேலிச்சித்திரமாக வரைந்தார். மனைவியை அடிப்பதை நீதிமன்றங்கள் பொறுத்துக்கொண்ட காலம் இருந்தது உண்மை, அந்தக் கொடுமைக்கு இந்தத் தொடர் தேவைப்படவில்லை. தொடர் 17ஆம் நூற்றாண்டுக்குரியது. 1692இல் வாள்வீச்சு பற்றிய நூலில், கலையாகக் கற்காமல் கைப்பழக்கத்தால் செய்வது என்ற பொருளில் வருகிறது. தொடரையும் குச்சியையும் முடிச்சுப் போட்டது 1970கள்.

கேட்பவர் மனம் புண்படும் என்று தெரிந்தால் வேறு சொல்லைப் பயன்படுத்துங்கள், அது நாகரிகம். பொய்யான வரலாற்றைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

லண்டன்காரர்கள் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்றால் மாடிப்படியாமே? என்ன தொடர்பு?

பொருளில் தொடர்பே இல்லை, ஓசையில்தான். 'பேர்ஸ்' என்பது மாடிப்படியைக் குறிக்கும் 'ஸ்டேர்ஸ்' என்ற சொல்லோடு இயைபுத்தொடையாக முடிகிறது. கிழக்கு லண்டன் தெரு வியாபாரிகளிடம் 1840களில் வளர்ந்த குழூஉக்குறி இது. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் தம் ஸ்லாங் அகராதியில் இதற்குத் தனிப்பட்டியலே கொடுத்தார்.

அந்நியருக்குப் பிடிபடாமல் போவது அடுத்த படியில். ஓசை ஒத்துவரும் கடைச்சொல்லையே வெட்டிவிடுவார்கள். 'லுக்' என்பதற்கு 'புட்சர்ஸ் ஹுக்', அதில் 'ஹுக்' போய் 'ஹேவ் எ புட்சர்ஸ்' என்றாலே 'ஒரு பார்வை பார்' என்று பொருள். 'ஹெட்' என்பதற்கு 'லோஃப் ஆஃப் பிரெட்', வெட்டியபின் 'யூஸ் யுவர் லோஃப்', அதாவது மூளையைப் பயன்படுத்து. 'லை' என்பதற்குப் 'போர்க் பை', அது 'போர்க்கி' ஆகிப் பொய்யைக் குறிக்கிறது. இன்று இவற்றைச் சொல்லும் ஆங்கிலேயர்களில் பலருக்கே வெட்டுப்பட்ட பாதி தெரியாது. உதட்டைப் பிதுக்கி ஓசை எழுப்புவதை 'ராஸ்ப்பெரி' என்பதற்கு மூலமான தொடரை, இடக்கரடக்கல் கருதி இங்கே விரிக்கவில்லை.

நம் நாட்டுச் சொற்கள் ஏதாவது ஆங்கில ஸ்லாங்கில் கலந்திருக்கின்றனவா?

சுருட்டு, கட்டுமரம் இரண்டும் ஆங்கிலம் ஏறியதை எல்லோரும் அறிவார்கள், ஆனால் அவை ஸ்லாங் அல்ல. ஸ்லாங்காகப் போனவற்றில் பெரும்பாலானவற்றைத் தூக்கிச் சென்றவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள். சொகுசான வேலையைக் 'குஷி ஜாப்' என்கிறார்கள் அல்லவா, அது இந்துஸ்தானியின் 'குஷி'தான். தாய்நாட்டைப் 'பிளைட்டி' என்றார்கள், அது 'விலாயதி' என்பதன் திரிபு. தமிழில் நாம் சொன்ன 'சீமை'க்கு நிகர்.

சுவையானது 'டூலாலி'. மூளை பிசகியவரைக் குறிக்கும். நாசிக் அருகே தேவ்லாலியில் ராணுவ முகாம் இருந்தது. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் ஊர் திரும்பக் கப்பல் வரும்வரை அங்கே மாதக்கணக்கில் வேலையின்றிக் காத்திருந்தார்கள். வெயில், காய்ச்சல், குடி, சலிப்பு எல்லாம் சேர்ந்து அவர்களை ஆட்டிவைத்ததில் முகாமின் பெயரே நோயின் பெயராயிற்று.

கூல், வோக், டீ, ரிஸ்: இதெல்லாம் இணையத் தலைமுறை கண்டுபிடித்த சொற்கள்தானே?

அநேகமாக இல்லை. 'கூல்' 1940களின் ஜாஸ் இசைக்கலைஞர்கள் வாயிலிருந்து பொதுவழக்குக்கு வந்தது, சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பெயரைப் பலரும் சொல்வார்கள். 'ஸ்டே வோக்', அதாவது விழிப்பாக இரு என்று 1938இலேயே பாடகர் லெட் பெல்லி தம் ஒலிப்பதிவொன்றில் கருப்பின மக்களை எச்சரித்திருக்கிறார். வம்புச் செய்தியைக் குறிக்கும் 'டீ' கருப்பினத் தன்பாலீர்ப்பாளர் வட்டங்களில் புழங்கியது. அமெரிக்கக் கருப்பின மக்கள் உருவாக்குவதும், பத்து இருபது ஆண்டு கழித்து மற்றவர்கள் அதைப் புதுக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுவதும் ஆங்கில ஸ்லாங்கில் மாறாத வழக்கம்.

'ஓஎம்ஜி' இன்னும் வியப்பானது. 1917இல் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு, சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் விரிவாக்கத்தோடு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு 2024இன் சொல்லாகத் தேர்ந்த 'பிரெயின் ராட்' (மூளை மழுங்கிப்போதல்) 1854இல் அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதியது. 'ரிஸ்' மட்டும் உண்மையிலேயே புதியது. 'கரிஸ்மா'வின் நடுத்துண்டு, 2023இன் ஆக்ஸ்ஃபோர்டு சொல். ஆட்டைக் குறிக்கும் 'கோட்' என்பதில் கவனம் தேவை. இன்று அது 'எக்காலத்திலும் தலைசிறந்தவர்' என்பதன் சுருக்கம், 1992இல் முகம்மது அலியின் மனைவி அவருக்காகத் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்த பெயர். பழைய அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் அதே 'கோட்' தோல்விக்குக் காரணமானவர். ஆண்டு பார்க்காமல் மொழிபெயர்த்தால் வசை வாழ்த்தாகிவிடும்.

பழமொழிகளின் முழு வடிவத்தை மறைத்துவிட்டார்களாமே? 'பிளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்' உண்மையில் நேர் எதிரானதாமே?

யாரும் எதையும் மறைக்கவில்லை. உடன்படிக்கையின் குருதி கருப்பையின் நீரைவிட அடர்த்தியானது என்பதே முழு வடிவம் என்று சுற்றும் செய்திக்குப் பழைய நூல்கள் எதிலும் ஆதாரமில்லை, அது அண்மைக்காலக் கற்பனை. உறவின் குருதி நீரால் கெடாது என்ற கருத்து 12ஆம் நூற்றாண்டு ஜெர்மன் படைப்பிலேயே இருக்கிறது.

'கியூரியாசிட்டி கில்டு த கேட்' என்பதும் அப்படியே. பழைய வடிவில் பூனையைக் கொன்றது ஆர்வம் அல்ல, கவலை. 1598இல் பென் ஜான்சன் நாடகத்தில் இருக்கிறது. ஆர்வம் 19ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பிடித்தது, நிறைவு அதைப் பிழைக்கவைத்தது என்ற வால் 20ஆம் நூற்றாண்டில் ஒட்டியது. எல்லாத் தொழிலும் தெரிந்து எதிலும் தேராதவரைச் சொல்லும் 'ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ்' தொடருக்கு, ஒன்றில் மட்டும் தேர்ந்தவரைவிட அவரே பலநேரம் மேல் என்று ஒட்டிய ஆறுதல் வாலும் பிற்காலச் சேர்க்கைதான். பழமொழிகள் தேய்வதைப்போலவே வளரவும் செய்யும், நீளமானதுதான் மூலம் என்று எண்ண வேண்டாம்.

'எக்ஸப்ஷன் புரூவ்ஸ் த ரூல்': விதிவிலக்கு விதியை எப்படி நிரூபிக்கும்? உடைக்கத்தானே செய்யும்?

இது சட்டமொழி. கி.மு. 56இல் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ ஒரு வழக்கில் பயன்படுத்திய வாதத்திலிருந்து வருவது. 'ஞாயிறு அன்று இங்கே வண்டி நிறுத்தலாம்' என்று பலகை இருந்தால், மற்ற நாள்களில் நிறுத்தக்கூடாது என்று விதி இருப்பது தெரிகிறது. விலக்கை வெளிப்படையாகச் சொன்னதே, சொல்லாத விதி இருப்பதற்குச் சான்று.

இங்கே 'புரூவ்' என்றால் 'சோதித்தல்' என்ற பழம்பொருள் என்றும் பலர் விளக்குவார்கள். கற்றவர்களே சொல்வதால் நம்பத் தோன்றும், ஆனால் லத்தீன் மூலத்தின் வாதம் அதற்கு இடம்தரவில்லை. அந்தப் பழம்பொருள் மெய்யாகவே வாழ்வது சுவைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லும் 'புரூஃப் ஆஃப் த புட்டிங்' தொடரில். வாதத்தில் தோற்றவர், தம் கூற்றுக்கு எதிரான உதாரணத்தைப் பார்த்து 'எக்ஸப்ஷன் புரூவ்ஸ் த ரூல்' என்று வீசிவிட்டுத் தப்பிப்பது தவறான பயன்பாடு.

யாராவது ஒரு பிறப்புக் கதை சொன்னால் நானே எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் ஆண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு தரும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே அதுதான் முறை. ஸ்லாங்குக்கு ஜோனதன் கிரீனின் வரலாற்று அகராதி அதே வேலையைச் செய்கிறது. கதை நடந்த காலத்துக்கு முன்பே சொல் அச்சில் இருந்தாலும், கதைக்கும் சொல்லுக்கும் நடுவே நூறாண்டு மௌனம் இருந்தாலும் கதையை ஒதுக்கிவிடலாம். அடுத்து, கதை அளவுக்கு மீறி அழகாக இருக்கிறதா என்று பாருங்கள். பாஷ், கூரைப் பூனை இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'த ஹோல் நைன் யார்ட்ஸ்': அந்த ஒன்பது கஜம் எது?

'முழுக்க முழுக்க' என்பது பொருள். இரண்டாம் உலகப் போர் விமானங்களின் இயந்திரத் துப்பாக்கித் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது ஒன்பது கஜம் என்பார்கள். கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்பார்கள், முழு உடைக்கான துணி என்பார்கள், பாய்மரக் கப்பலில் பாய் கட்டும் குறுக்குமரங்கள் என்பார்கள். கடைசியாகச் சொன்னதைத் தோணிக் குழுவிடம் அனுப்பலாம்.

பழைய செய்தித்தாள்கள் கணினியில் தேடும்படி ஆன பிறகு இந்தத் தொடரின் ஆண்டு பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இன்று கையில் இருப்பவை: 1907, 1908இல் இண்டியானா மாநிலத்துச் சிற்றூர் இதழில் ஒன்பது கஜம், 1912இல் கென்டக்கி இதழில் ஆறு கஜம், 1921இல் தென் கரோலினா நாளிதழ்த் தலைப்பில் மறுபடி ஆறு கஜம். எல்லாமே தோட்டாப் பட்டைக்கும் கான்கிரீட் லாரிக்கும் முந்தியவை. ஆறும் ஒன்பதும் ஒரே வேலையைச் செய்திருப்பதால், அளந்து பார்க்கக்கூடிய பொருள் எதுவும் பின்னால் இருந்ததாகத் தெரியவில்லை. பேரானந்தத்தைச் சொல்லும் 'கிளவுட் நைன்' தொடரிலும் இதே கதைதான். அதில் ஏழாம் மேகமும் எட்டாம் மேகமும் அச்சில் இருக்கின்றன.